அவர் வெளியே போகும் நேரம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போய், படுக்கையில் கிடக்கும் ஓர் அக்காவுக்குத் துணையாக அவர் வீட்டில் உட்கார வேண்டும். அக்காவின் வீட்டுக்காரர் வெளியே போய் வர வேண்டும். அவர் திரும்பியதும் நான் கிளம்பிவிடலாம். எங்கள் குழுவில் எனக்குக் கொடுத்த வேலை இவ்வளவுதான். தனித்துக் கிடக்கும் வயதானவர்களுக்கு நட்புக்கரம் நீட்டுவது என்று அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அந்தப் பேச்செல்லாம் ஒத்துவராது. கம்பெனியில் குனிந்தபடியே ஸ்விட்சுக்கு ஸ்பிரிங் மாட்டி மாட்டிக் கழுத்து எலும்பு தேய்ந்து வீட்டுக்கு வந்தவள் நான். சும்மா இருந்தால் யாரோடாவது சண்டை போடத் தோன்றும். அதற்கு இது தேவலை என்று சேர்ந்தேன்.

அந்த வீடு எனக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் என் நல்ல குணமல்ல, தெலுங்கு. நான் கெலமங்கலத்துக்காரி. வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம் என்று வளர்ந்தவள். அந்த அக்காவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபோது, கல்யாணமான நாளிலிருந்து பேசிவந்த தமிழும் கூடவே போய்விட்டது. பாகலூரில் பிறந்த வீட்டில் பேசிய தெலுங்கு மட்டும் மிச்சம், அதுவும் ஒவ்வொரு வார்த்தையாக, குழறலாக. நாம் தமிழில் சொன்னால் எல்லாம் புரியும். பதில்தான் தெலுங்கில் வரும். வீட்டுக்காரருக்கு அது விளங்கும். ஆனால் அவர் இல்லாத நேரத்தில் உட்கார வருபவருக்கும் விளங்க வேண்டும் அல்லவா, அதனால்தான் என்னை அனுப்பினார்கள்.

வீட்டுக்காரருக்கு ஊர் கல்லாவிப் பக்கம். சிப்காட்டில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நின்று ஓய்ந்தவர். பிள்ளைகள் இல்லை. ஊரில் இருக்கும் அண்ணன் தம்பிகளோடு நிலப் பங்கில் மனஸ்தாபம், பேச்சு வார்த்தை கிடையாது. பாகலூர் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில், வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகளில் ஒன்றில் இருந்தார்கள். ஓர் அறை, அதன் மூலையில் சமையல். சுற்றிலும் ஒடிசா, பீகார்க்காரர்கள். ஷிப்டுக்குப் போவார்கள், வந்து தூங்குவார்கள், எழுந்து மறுபடி ஷிப்டுக்குப் போவார்கள். நின்று பேச அந்தச் சந்தில் யாருக்கும் நேரமில்லை.

எங்கள் குழுவில் ஒரு சட்டம் உண்டு. நாங்கள் பேச்சுத் துணை மட்டும்தான். தூக்கக் கூடாது, ஊட்டக் கூடாது, கழுவி விடக் கூடாது. ஏதாவது ஆகிவிட்டால் பழி குழுவின் மேல் வரும் என்பார்கள். அதனால் அவரே அக்காவுக்குத் துணி மாற்றி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார். அடுத்த துணி மாற்றுவதற்குள் வந்துவிடுவார். அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த நேரம்தான் வாரம் முழுவதிலும் அவருக்குச் சொந்தமான நேரம்.

எங்கே போகிறார் என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. பையும் எடுத்துப் போவதில்லை, எதுவும் வாங்கி வருவதுமில்லை. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"எங்கண்ணா போறீங்க? சின்ன வீடு கீது வெச்சிருக்கீங்களா?"

அக்கா பாதி வாயால் சிரித்தார். அவரும் சிரித்தார்.

"அத்திப்பள்ளி பஸ்ஸுல ஏறுவேம்மா. ஜன்னலோரமா உக்காந்துக்குவேன். பார்டர் தாண்டி எறங்கி ஒரு டீ குடிப்பேன். திரும்பி ஏறி வந்துருவேன். அவ்ளோதான். அவ்ளோ நேரம் ஒருத்தரும் என்னக் கூப்பிட மாட்டாங்க பாரு."

அக்கா அவரை எப்படிக் கூப்பிடுவார் என்பதை நானே பார்த்திருக்கிறேன். கால் மரத்தால் கூப்பிட வேண்டும், கொசு உட்கார்ந்தால் கூப்பிட வேண்டும், தண்ணீருக்குக் கூப்பிட வேண்டும். அக்கா மேல் குற்றமில்லை, தானாகப் புரண்டு படுக்கக்கூட அவரால் முடியாது. இரவெல்லாம் இதே கதைதான். ஒருமுறை நான் போனபோது அவர் அடுப்பின் முன் நின்றிருந்தார். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. அவர் அதைப் பார்த்துக்கொண்டேதான் நின்றார். "தூங்குறீங்களாண்ணா?" என்று அதட்டினேன். "இல்லம்மா, முழிச்சுக்கிட்டுதான் இருக்கேன்" என்றார். குழுவை நடத்துபவரிடம் சொன்னேன். அவருக்கும் யாராவது பேசித் தைரியம் சொல்ல ஏற்பாடு செய்யலாம் என்றார் அந்த நல்ல மனிதர். அவருக்கு வேண்டியது பேச்சு இல்லை சார், தூக்கம் என்றேன். அதற்கு எங்கள் குழுவில் ஏற்பாடு இல்லை.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் போனபோது அவர் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீர்கள் என்று கேலி செய்தேன். பதிலுக்குச் சிரிக்கவில்லை. அக்காவின் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

மத்தியானம் ஆயிற்று, ஆள் வரவில்லை. போன் அடித்தால் மணி போகிறது, எடுக்கவில்லை. பிறகு மணியும் போகவில்லை. வழியில் பஸ் நின்றிருக்கும், போனில் சார்ஜ் தீர்ந்திருக்கும் என்று அக்காவிடம் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். துணி நனைந்து, பாய் நனைந்து, வாடை வர ஆரம்பித்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அது வெட்கம் என்று எனக்குத் தெரிந்தது.

குழுவை நடத்துபவருக்குப் போன் செய்தேன்.

"நீங்க எதையும் தொடாதீங்க மேடம். போலீஸுக்குச் சொல்லிடலாம். அவங்க ஹோம்ல சேத்துடுவாங்க."

"இவங்க பேசுறது அங்க யாருக்கு சார் புரியும்? தண்ணி கேட்டாக் கூடத் தெரியாதே."

"அதுக்கு நாம என்ன மேடம் பண்றது?"

போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. வீட்டுக்காரர் வராவிட்டால் சாயங்காலத்துக்குள் அக்கா ஹோமுக்குப் போக வேண்டும், அல்லது என் வீட்டுக்கு வர வேண்டும். என் வீடு இதைவிடச் சிறியது, என் கழுத்து ஒரு குடம் தூக்காது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அக்காவை நினைத்து வந்த பயமா, என்னை நினைத்து வந்த பயமா என்றெல்லாம் பிரித்துப் பார்க்க அப்போது புத்தி இல்லை.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒடிசாப் பெண், கார்மெண்ட்ஸில் தைப்பவள், தூக்கக் கண்ணோடு வந்தாள். அவளுக்குத் தமிழ் வராது. கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். இருவருமாகப் புரட்டினோம். ஒருமுறை அக்காவின் கையை உடம்புக்கடியில் நசுக்கிவிட்டோம், அவர் அலறினார், மூன்று பேருக்கும் கண்ணில் தண்ணீர். எப்படியோ துடைத்து, காய்ந்த துணி மாற்றினோம். முதுகின் கீழே ஒரு புண் வாய் திறந்திருந்தது. அதைத் தினமும் அவர் ஒருவரே பார்த்து, மருந்து போட்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

வெயில் சாய்கிற நேரத்தில் போன் வந்தது. புது நம்பர். அவர்தான், யாரிடமோ போன் கேட்டு வாங்கிப் பேசினார்.

"மெஜஸ்டிக்ல இருக்கேம்மா."

"பெங்களூர்லயா? அத்திப்பள்ளில எறங்கலையா?"

"எறங்கத் தோணல. அப்படியே உக்காந்துட்டேன்." பின்னால் கண்டக்டர்கள் ஊர் பேரைச் சொல்லிக் கூவுவது கேட்டது. "எல்லா ஊருக்கும் பஸ்ஸு நிக்குதும்மா இங்க. மைசூருங்கறான், மங்களூருங்கறான். ஏறி உக்காந்துட்டாப் போதும். காலைலேர்ந்து நிக்கறேன். ஏறவும் முடியல, வரவும் முடியல."

போனை ஸ்பீக்கரில் வைத்திருந்ததால் அக்காவுக்கு எல்லாம் கேட்டது. இடது கையை நீட்டினார். போனை அவர் வாயருகே கொண்டுபோனேன். அழுவார், கூப்பிடுவார், அந்தக் குரல் கேட்டால் கல்லும் கரைந்து பஸ் ஏறிவிடும் என்றுதான் நினைத்தேன்.

"ராவத்து" என்றார் அக்கா. வராதே என்று அர்த்தம்.

அந்தப் பக்கம் ஒரு கண்டக்டர் மைசூர், மைசூர் என்று கூவினார்.

"ராவத்து. போ." இவ்வளவு தெளிவாக அக்கா பேசி நான் கேட்டதேயில்லை. போன் நின்றுவிட்டது.

எனக்கு வந்த கோபத்தில் கத்திவிட்டேன். "என்னக்கா இது! வர்ற மனுசனையும் வராதேங்கறியே, நாளைக்கு உன்னை யார் பாப்பாங்க?" "அவர் பாவம்" என்று மட்டும் அக்கா தெலுங்கில் முனகினார். அந்தச் சமயத்தில் எனக்கு அந்த அம்மாவைப் பிடிக்கவே இல்லை. புருஷன் மேல் வைத்த பிரியத்தில், தன்னைத் தூக்கி நடுத்தெருவில் போட்டுக்கொண்டார். அந்தத் தெருவில் நான் ஒருத்திதான் நின்றிருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் வந்துவிட்டார். கால் கழுவிக்கொண்டு வந்து, பழக்கப்படி துணியைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"நீங்களா மாத்துனீங்க தங்கச்சி?"

ஆமாம் என்றேன். தரையில் உட்கார்ந்து முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார். அக்கா அவரைப் பார்க்காமல் சுவர் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார். வந்துவிட்டாரே என்ற நிம்மதியில் எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய், பழைய குழம்பை ஊற்றி வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவர் கைலியில் இருந்தார். கிளம்பவில்லையா என்றேன். "இல்லம்மா, நீங்க பேசிக்கிட்டு இருங்க" என்றார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. உடம்பு சரியில்லை என்றார், மழை வரும்போல இருக்கிறது என்றார். நான் கெஞ்சினேன், அதட்டினேன், உங்களை வெளியே அனுப்பத்தானே மெனக்கெட்டு வருகிறேன், எனக்கு என்ன வேறு வேலை இல்லையா என்று சண்டைக்கே போனேன். அக்காவும் விடவில்லை. என்னைப் பார்த்ததும் அவர் பக்கம் கையைக் காட்டி "போ, போ" என்பார். அவர் காதில் விழாததுபோல் அரிசி பொறுக்கிக்கொண்டிருப்பார். முகம் மழிப்பதை விட்டுவிட்டார். மளிகை, மருந்து எல்லாம் அந்த ஒடிசாப் பெண்ணே வாங்கி வந்தாள்.

போன வாரம் நான் கிளம்பியபோது வாசல் வரை வந்தார். வாசலுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

"தங்கச்சி, வெளிய தாப்பா போட்டுட்டுப் போறீங்களா?"

எனக்குப் புரியவில்லை.

"தெனம் பக்கத்து வீட்டுப் பொண்ணு டூட்டிக்குப் போறப்ப போட்டுட்டுப் போவும், வந்து எடுத்து உடும். இன்னிக்கு சீக்கிரமே ஓ.டி.க்குப் போயிட்டுது, போடல."

"என்னண்ணா பேசுறீங்க? நெருப்பு கிருப்பு புடிச்சா? நீங்க என்ன ஜெயில்லயா இருக்கீங்க?"

"கதவு தொறந்து கெடந்தா கால் நிக்க மாட்டேங்குது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அன்னிக்கு எப்படித் திரும்பி வந்தேன்னு எனக்கே தெரியாது. இன்னொரு வாட்டி பஸ்ஸுல ஏறுனா வர மாட்டேம்மா. எனக்குத் தெரியும்."

உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது. போ, போ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றேன். ஒரு மனுஷனை உள்ளே வைத்துப் பூட்ட நான் யார்? கையை எடுத்துவிட்டேன். போடாமல்தான் வந்தேன். ஆனால் அந்தச் சந்தைத் தாண்டும் வரை என் காது பின்னாலேயே இருந்தது. அந்தக் கதவு திறக்கிற சத்தம் கேட்கக் கூடாது, கேட்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே நடந்தேன்.