கழுத்தில் தைத்த எண்

வக்கீல் சித்ராதேவிக்கு இந்தி பள்ளிக்கூடத்தில் வந்ததன்று. திருப்பூர் காதர்பேட்டையில் தகப்பனார் தண்டாயுதபாணியின் பனியன் கடையில், வடக்கத்தி வியாபாரிகள் பேரம் பேசுவதைக் கேட்டுக்கேட்டே வந்தது.

"அம்மா இந்தியில பேசினா டசன் என்ன விலைன்னு கேக்கற மாதிரியே இருக்குதுங்க" என்று குமாஸ்தா தனபால் இன்றும் கேலி செய்வார்.

ஞாயிறுதோறும் ராயபுரத்து மாடியறை ஒன்றில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் கூடுவார்கள். தமிழறியாத குடும்பங்களுக்கு அங்கே அந்த இந்திதான் துணை. சித்ராதேவியின் மகள் ஜனனிக்கும் ஆட்டிசம். சிறுவயதில் அவள் காதர்பேட்டைக் கூட்டத்தில் தொலைந்துபோய், தன் பெயரைச் சொல்லத் தெரியாமல் ஒரு பனியன் மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து அவளுடைய சட்டைக் கழுத்துகளுக்குள் தொலைபேசி எண் பொறித்த லேபிளைத் தாய் தைத்துவந்தார். மாடியறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு அவர் சொல்லும் முதல் யோசனையும் அதுவே.

சென்ற ஆனியில் ஒரு ஞாயிறு, பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவளும் சில மாதங்களாக அங்கே வருபவளுமான பீகார்ப் பெண் சுனைனா அழுதுகொண்டு வந்தாள். அவளுடைய மகள் சோனம் வகுப்பில் சீருடையைக் கழற்றி எறிகிறாளாம். இனி அழைத்துவர வேண்டாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலை சித்ராதேவி, சுனைனா, சோனம் மூவரும் பள்ளித் தலைமையாசிரியை நிர்மலாவின் முன் நின்றார்கள்.

"சட்டம் எனக்கும் தெரியுங்க மேடம். பொம்பளப் புள்ள இப்படி நின்னா, மத்த பெத்தவங்களுக்கு நான் என்னன்னு பதில் சொல்றதுங்க?"

சட்டப் புத்தகத்தை எடுக்கப் பைக்குள் போன சித்ராதேவியின் கை நின்றது. வேறொரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. தன்னைத் தீதி, அக்கா என்று அழைக்கும் சுனைனாவிடம் இந்தியில் கேட்டார்.

"வீட்டுல கழட்டுவாளா?"

"இல்ல தீதி. நாள் முழுக்க ஒரே பனியன்தான். அதைத் துவைக்க எடுத்தாக் கத்துவா."

"எங்க வாங்கினது?"

"குறை இருக்குதுன்னு கம்பெனியில கழிச்சுப் போட்டது."

கழித்த சரக்கை வெளியே விற்குமுன் கழுத்து லேபிளை வெட்டி எடுத்துவிடுவது திருப்பூர் வழக்கம். பனியன் கடையில் வளர்ந்த சித்ராதேவிக்கு அது புதிதல்ல. சோனத்தைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஒரு தோளைச் சீருடையிலிருந்து உருவியபடி பிடரியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தோல் சிவந்திருந்தது. கழுத்துப் பட்டியைப் புரட்டினால், லேபிள்.

"நீங்க சொன்னதுதானே தீதி. பிரியாம இருக்கட்டும்னு நாலு பக்கமும் ரெட்டைத் தையல் போட்டேன்" என்றாள் சுனைனா.

ஜனனிக்குக் குக்கர் விசில்தான் ஆகாது. கழுத்தில் எது உரசினாலும் பொருட்படுத்தமாட்டாள். தன் மகள் பொறுத்ததை எல்லாப் பிள்ளைகளும் பொறுக்கும் என்று சித்ராதேவி எண்ணியிருந்தார்.

"ஏனுங்க, என்ன சொல்றாங்க?" என்றார் நிர்மலா.

"தப்பு என்னுதுங்க டீச்சர். கத்தரி இருக்குதுங்களா?"

சித்ராதேவி தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒட்டியிருந்த நூலையும் பொறுக்கி எடுத்தார்.

"மறுபடி கழட்டினா?" என்றார் நிர்மலா.

"நானே கூட்டிட்டுப் போயிர்றனுங்க."

சோனம் வகுப்புக்குப் போனாள்; சித்ராதேவியும் சுனைனாவும் வராந்தாவில் உட்கார்ந்தார்கள்.

"கோர்ட்டுக்கு நேரமாகலையா தீதி?"

"வாய்தா வாங்கச் சொல்லிட்டேன்."

மதிய மணி அடித்தது. வரிசையின் கடைசியில் சோனம் வந்தாள், சீருடை போட்டபடியே. பின்னால் வந்த நிர்மலா, "நாளைக்கும் வரட்டுங்க" என்றார்.

இப்போது மாடியறையில் சித்ராதேவியின் முதல் வார்த்தை யோசனை அன்று, கேள்வி: "வீட்டுல பிள்ளை எதை விரும்பிப் போடுது?" சோனத்தின் எண் தோலில் படாமல் அவளுடைய பாவாடையின் வெளிமடிப்பில் இருக்கிறது.