பச்சை விழுந்துச்சா?

புஷ்பவல்லியின் அப்பா நாகையா ரயில்வேயில் சிக்னல்மேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்தார்கள். மகள் பல்கலைக்கழகத்தில் வெளிச்சத்தைப் பற்றிப் படிக்கிறாள் என்பதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. நான் அங்கே ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பக்கத்து மேசை. எண்பதுகளின் கடைசியில் அவள் அங்கே பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

அவளுடைய லேசர் அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. ஒரு நொடியை லட்சம் கோடி கூறு போட்டால், அதில் சில கூறு நேரம்தான் ஒவ்வொரு துடிப்பும் இருக்கும். அதைக் குவித்து அடித்தால் வெறுங்காற்றிலேயே பொறி பறந்து அது பிளாஸ்மாவாகிவிடும். அந்தப் பொறிக்குள் என்ன நடக்கிறது என்று படம் பிடிக்க அவளுக்குப் பச்சை ஒளி வேண்டும். அதே அகச்சிவப்பை ஒரு படிகத்துக்குள் சரியான கோணத்தில் செலுத்தினால், ஒரு பங்கு பச்சையாக மாறி வெளியே வரும். பச்சை வந்தால் ஆய்வேடு, ஆய்வேடு முடிந்தால் விரிவுரையாளர் வேலை. வராவிட்டால் ஆண்டுக் கடைசியில் ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

இதை ஒருமுறை வீட்டில் விளக்கிச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. தினமும் சிக்னலில் பச்சை விழுவதைப் பார்க்கிற அப்பாவுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. தினமும் அவள் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்.

“என்னம்மா, பச்சை விழுந்துச்சா?”

“இல்லப்பா.”

“நாளைக்கு விழும் லா.”

முதலில் சிரித்தாள். பிறகு முறைத்தாள். கடைசியில் பதில் சொல்வதையே விட்டுவிட்டாள். பகலெல்லாம் மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளுக்கு அந்தக் கேள்வி எப்படி இருந்திருக்கும்! ஒரு வாரம் லேசரின் விளக்கு வெடிக்கும், மறுவாரம் அதன் கண்ணாடியில் பூச்சு கருகும். எல்லாம் சரியாக இருக்கும் நாளில் மின்சாரம் போகும். அந்தப் படிகமோ உப்பு மாதிரி, ஈரம் பட்டால் கரைகிற சாதி. கோலாலம்பூர் காற்றில் துவைத்த துணியே காயாது. ஹரி ராயா பெருநாள் விடுமுறையில் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று எவனோ, அறையை ஈரமில்லாமல் வைத்திருந்த ஏர்கோனை நிறுத்திவிட்டுப் போய்விட்டான். திரும்பி வந்து பார்த்தால் படிகம் பால் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

இரண்டாவது படிகம் கப்பலேறி வருவதற்குள் எங்களுக்குத் தலை நரைத்துவிடும் போல இருந்தது. வந்தது தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால். மறுபடியும் விடுமுறை, மறுபடியும் அதே ஏர்கோன்.

“இந்தத் தடவ ஒருத்தரையும் நம்ப மாட்டேன்,” என்று புஷ்பா அதை ஒரு பிலிம் டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஈரம் ஆகாத பொருளை அவர்கள் வீட்டில் அரிசி டின்னுக்குள்தான் புதைத்து வைப்பார்கள். கேமராவும் அங்கேதான் கிடக்கும். இவளும் டப்பாவைப் புதைத்தாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் அப்பா பச்சையை ஆரம்பித்துவிடுவாரே.

மறுநாள் அம்மா சீதாலெட்சுமி தோசைக்கு அரிசி அள்ளியபோது டப்பா கையில் சிக்கியது. நாகையா சவரம் செய்தபின் முகத்தில் தேய்க்கும் படிகாரத்தையும் அதே மாதிரி பிலிம் டப்பாவில்தான் வைத்திருந்தார். “இந்த மனுசன் இத எங்கதான் போட மாட்டாரு,” என்று முணுமுணுத்தபடி, அதை அவருடைய சவரக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

தீபாவளிக் காலையில் நாகையா சவரம் முடித்தார். டப்பாவைத் திறந்து, பளபளவென்று இருந்த கட்டியைத் தண்ணீரில் முக்கி, தாடையில் நன்றாகத் தேய்த்தார்.

“ஏ சீதா, புதுப் படிகாரமா? எரியவே இல்லையே!” என்று குரல் வேறு கொடுத்தார்.

புஷ்பா ஓடி வந்து பார்த்தபோது அது அவர் உள்ளங்கையில் முனை மழுங்கிக் கிடந்தது. மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய பொருள் அப்பாவின் தாடையில் வழிந்துகொண்டிருந்தது. அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் பட்டாசு கொளுத்தியவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா,” என்றார் அவர்.

அது உண்மை. அதனாலேயே அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

மூன்றாவது படிகம் வருமுன் ஒப்பந்தம் முடிந்தது. புஷ்பா கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கப் போய்விட்டாள். படிகம் என் கைக்கு வந்தது. அவள் பாடுபட்டு ஒழுங்குசெய்து வைத்திருந்த கருவியில் அதை வைத்துத் திருப்பினேன், ஒரே மதியத்தில் பச்சை வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷப்படக்கூட மனம் வரவில்லை. அவளைக் கூப்பிட்டேன். அப்பாவையும் அழைத்துக்கொண்டு வந்தாள்.

வெள்ளை அட்டையில் பச்சைப் புள்ளி விட்டு விட்டு மின்னியது. நாகையா, போடச் சொன்ன கறுப்புக் கண்ணாடியோடு குனிந்து பார்த்தார். அந்தத் தீபாவளிக்குப் பிறகு வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லையாம். இப்போது அவரால் அடக்க முடியவில்லை.

“விழுந்துருச்சும்மா! பச்சை விழுந்துருச்சு!”

“விழுந்துருச்சுப்பா,” என்றாள் புஷ்பா. “ஆனா என்னோடது இல்ல.”

நாகையா நிமிர்ந்தார். அவர் கை தாடையைத் தடவிக்கொண்டிருந்தது.