திருகாணி போட்ட சன்னல்கள்

என் மகளுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தது நீங்கள்தான், தாளாளர் ஐயா.

பழைய பள்ளிக் கட்டடத்தை இடித்தீர்கள். புதியது எழும்பும்வரை என்று சொல்லி, திடலில் அறை அளவுத் தகரப் பெட்டிகளை இறக்கி, என் மகள் படிக்கும் ஏழாம் வகுப்பை அவற்றில் ஒன்றில் அடைத்தீர்கள். ஏசி மாட்டினீர்கள். சன்னல்களைத் திருகாணி போட்டு மூடினீர்கள். ஏன் என்றால், "மலையிலேர்ந்து குரங்கு வருதுங்க, சோத்த தூக்கிக்கினு போவுது" என்றீர்கள். திருத்தணியில் குரங்கு என்று சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள்? நம்பினேன்.

மகள் தினமும் தலைவலியோடு வந்தாள். "நைனா, மத்தியானம் ஆனா கண்ணு சொக்குது" என்றாள். நீங்கள் என்னை வரவழைத்து, படிப்பில் நாட்டமில்லாத பெண், டிசி வாங்கிக்கொண்டு போ என்றீர்கள்.

பிறகு ஒரு மழை நாளில் பெற்றோர் கூட்டத்தை அதே பெட்டியில் வைத்தீர்கள். கதவு சாத்தியிருந்தது, ஏசி ஓடியது. ஈரத்துணி, வியர்வை, பெயின்ட் எல்லாம் சேர்ந்து நாறியது. ஒருவர் கொட்டாவி விட்டார். அப்புறம் எல்லோரும் விட்டோம். பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் ஒருவர் குறட்டையே விட்டார். கடைசியில், பேசிக்கொண்டிருந்த நீங்களே வாயைப் பிளந்தீர்கள்.

"இன்னா சார், நீங்களும் டிசி வாங்கிக்கினு போறீங்களா?" என்று பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா கேட்டார். பெட்டியே சிரித்தது.

நான் எழுந்து கதவைத் திறந்தேன்.

"தொறக்காதய்யா! ஏசி ஓடிக்கினு கீது, கரண்டு பில்லு எகிறுது!" என்று கத்தினீர்கள்.

"அப்போ குரங்கு?" என்றேன்.

ஏசியின் பெட்டி வெளியே தொங்குவதால், அது வெளிக்காற்றை இழுத்து உள்ளே விடுகிறது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். மாட்டிய மெக்கானிக்கைப் பிடித்துக் கேட்டேன். "ஆங், இல்லீங்க. உள்ள கீற காத்தையேதான் சுத்திச் சுத்தி குளிர் பண்ணும்" என்றார். அதாவது, பிள்ளைகள் விட்ட மூச்சையே பிள்ளைகள் திரும்ப இழுத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் சோம்பலா?

சன்னலைத் திறந்து கம்பிவலை அடியுங்கள், குரங்கு வராது என்றேன். தகரத்தின் மேல் ஓலைப்பந்தல் போட்டால் ஏசியும் இவ்வளவு கரண்ட் குடிக்காது என்றேன். டிசி தயார் என்று ஆள் அனுப்பினீர்கள்.

வாங்க மாட்டேன். நாளைக் காலைக் கூட்டத்தில், எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் நிற்கும்போது, மைக்கைப் பிடித்துப் பதில் சொல்லுங்கள்: என் மகள் தூங்கியது அவள் குற்றமா, உங்கள் குற்றமா?