சிவப்புக் கயிறு கட்டிய அண்டா

என் லோரியின் முன்கண்ணாடியில், முருகன் படத்துக்குக் கீழே, ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்பு ராஃபியா கயிறு ஒன்று தொங்குகிறது. கடையில் சாமான் கட்டித் தருவார்களே, அதே பிளாஸ்டிக் கயிறுதான். வெயில் பட்டுப் பட்டு வெளுத்துவிட்டது. இப்போது அதைச் சிவப்பு என்று சொல்லக் கொஞ்சம் தாராள மனசு வேண்டும். பார்க்கிறவர்கள் ஏதோ கோயில் கயிறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு ஹோட்டல் காவலாளி, இந்த வருடம் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தீர்களா என்றே கேட்டுவிட்டார். நானும் தலையை ஆட்டிவைத்தேன். சமையல்கார அக்கா ஓர் அண்டாவின் மூடியில் கட்டிய கயிறு இது என்று சொன்னால், ஏன் அதை இங்கே மாட்டினீர்கள் என்று கேட்பார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் நிற்கிற வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தே என்னைத் தீர்த்துவிடுவார்கள்.

பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்த்த தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது, குறைக்கப்பட்டவர்களில் நானும் ஒருவன். லோரி லைசென்ஸ் கையில் இருந்ததால் இந்த வேலை கிடைத்தது. மிஞ்சும் உணவு குப்பைக்குப் போகாமல் பார்த்துக்கொள்கிற ஒரு சிறிய அமைப்பு. அதற்கு ஒரே ஒரு குளிர்சாதன லோரி. அதற்கு நான் ஓட்டுநர். காலையில் எங்கள் தீவிலிருந்து கடல் பாலம் தாண்டிப் பெருநிலத்துப் பக்கம் காய்கறி மொத்தச் சந்தைக்குப் போவேன். மலையிலிருந்து இறங்கிய தக்காளியும் கோஸும், கோணல் மாணலாக இருக்கின்றன என்பதற்காகவே யாரும் வாங்காமல் கூடை கூடையாகக் கிடக்கும். பிறகு தீவுக்குத் திரும்பி ரொட்டிக் கடைகள், ஹோட்டல்கள் என்று ஒரு சுற்று. எல்லாம் முதியோர் இல்லங்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் போய்ச் சேரும். பக்கத்து மாநிலங்களான கெடாவிலும் பேராக்கிலும் இதே வேலை செய்கிறவர்களோடு சேர்ந்துகொண்டோம். ஒருவரிடம் காய் அதிகமாக இருந்தால் இன்னொருவருக்கு அனுப்புவது என்று ஏற்பாடு. அதற்காகக் கூட்டம் போட்டார்கள், திரையில் படம் காட்டினார்கள். தோட்டம், சந்தை, கடை, சமையற்கட்டு, தட்டு என்று அம்புக்குறி போட்டு, எங்கெங்கே எவ்வளவு வீணாகிறது என்று விளக்கினார்கள்.

அந்தக் கூட்டத்தில்தான் அக்காவை முதலில் பார்த்தேன். ஆயர் ஈத்தாமில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவர். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். சேலைக்குக் கீழே ஆண்கள் போடும் ரப்பர் பூட்ஸ். சமையற்கட்டிலிருந்து நேரே வந்திருந்தார். எல்லாரும் பேசி ஓய்ந்ததும் எழுந்து, "படத்துல எல்லாம் அழகாத்தான் இருக்கு லா. ஒருநா கல்யாணம் முடிஞ்சதும் மண்டபத்துக்குப் பின்னால வந்து பாருங்க. விடியக்காலையில இருந்து நின்னு ஆக்கினது. ஆக்க எவ்வளவு நேரம், கொட்ட எவ்வளவு நேரம்?" என்றார். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

கல்யாண மண்டபத்தில் சோறு ஏன் வீணாகிறது என்பதை அவரைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். நம் ஆட்களுக்குச் சோறு பத்தாமல் போய்விடுமோ என்கிற பயம் ரத்தத்தில் ஊறியது. மிஞ்சினால் யாரும் பேசமாட்டார்கள்; பத்தாமல் போனால் பேரப்பிள்ளை எடுத்த பிறகும் பேசுவார்கள். அதனால் அழைத்தவர்கள், அழைக்காதவர்கள், செத்துப்போனவர்கள் எல்லாருக்கும் சேர்த்துச் சமைக்கச் சொல்வார்கள். பந்தி தொடங்கியதும் கைக்கு வசதியாக இருக்கட்டும் என்று பரிமாறுகிற பிள்ளைகள் எல்லா அண்டாவையும் ஒரே நேரத்தில் திறந்து கரண்டியைப் போட்டுவிடுவார்கள். திறந்து வைத்து, பலர் கை பட்ட சோற்றை நாங்கள் எடுத்துப்போய் யாருக்கும் கொடுக்க முடியாது. வயதானவர்களுக்கு வயிற்றுக்கு ஆகாமல் போனால் யார் பதில் சொல்வது?

அக்கா செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கடைசியாக வடித்த சோற்றையும் அதற்கான சாம்பார், பொரியலையும் தனியாக ஒதுக்கி, மூடியோடு சேர்த்துச் சிவப்பு ராஃபியா கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுவார். அதை அவர் மட்டும்தான் அவிழ்க்கலாம். "கரண்டி போட்டது பந்திக்கு, கயிறு கட்டினது பசிச்சவனுக்கு" என்பார். ஆனால் பந்தி பாதி தாண்டியதும் கல்யாண வீட்டுக்காரரைத் தேடிப் போவார். அவர் முகத்தைப் பார்த்து, "எல்லாரும் வந்துட்டாங்களா?" என்று கேட்பார். "வந்தாச்சு" என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் அண்டா என் லோரியில் ஏறும். இன்னும் ஆள் வர வேண்டும் என்றால் அண்டா அங்கேயே நிற்கும். இந்த ஒரு கேள்வியின்மேல்தான் அவருடைய ஏற்பாடு முழுவதும் நின்றது. ஒவ்வொரு கல்யாண வீட்டையும் அவர் சம்மதிக்க வைத்த விதத்தை எழுதப் போனால் அது தனிக்கதை. கெஞ்சுவார், கிண்டல் பண்ணுவார், சில நேரம் திட்டவும் திட்டுவார். மெல்ல மெல்ல மற்ற சமையல்காரர்களும் சிவப்புக் கயிறு வாங்க ஆரம்பித்தார்கள். கெடாவிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "என் கயிறு கடல் தாண்டிடுச்சு பாத்தியா தம்பி" என்றார்.

அப்போதுதான் அவருடைய சொந்தத் தம்பியின் மகளுக்குக் கல்யாணம் வந்தது.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பெண்ணை அவர்தான் தூக்கி வளர்த்தார் என்று சமையற்கட்டில் எல்லாருக்கும் தெரியும். தம்பிக்காரர் ஆயர் ஈத்தாம் பாசாரில் கடை வைத்திருந்தார். அக்காவைக் கேட்காமல் ஒரு சட்டைகூட எடுக்கமாட்டார் என்று கேலி பேசுவார்கள். கல்யாணச் சமையலுக்கு அக்கா கூலி வாங்கவில்லை. மாப்பிள்ளை வீடு பெருநிலத்தில், புக்கிட் மெர்தாஜாம். மாப்பிள்ளையும் நெருங்கிய சொந்தங்களும் காரில் முன்னதாகவே வந்துவிட்டார்கள். மற்றவர்கள் வருவதற்குப் பஸ் ஏற்பாடு செய்தவர் தம்பிக்காரர்.

தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் லோரியைச் சமையற்கட்டு வாசலில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் போனார். தம்பிக்காரர் சம்பந்தியின் பக்கத்தில் நின்றிருந்தார். வியர்த்து வழிந்துகொண்டிருந்தது. கையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டார். "எல்லாரும் வந்துட்டாங்களாடா?"

அவர், யாரோடோ பேசிக்கொண்டிருந்த சம்பந்தியை ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு, குரலைத் தாழ்த்தி, "வந்தாச்சுக்கா, வந்தாச்சு. நீ கொடுத்தனுப்பு" என்றார்.

பஸ் பட்டர்வொர்த்தில் பழுதாகி நின்றது அவருக்கு அப்போதே தெரியும். அவர் பிடித்த பஸ் அது. அதைச் சம்பந்தியின் முன்னால் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எப்படியும் நேரத்தோடு சரியாகி வந்துவிடும், யாருக்கும் தெரியாமலே முடிந்துவிடும் என்று நினைத்திருப்பார். ஒரு மனிதர் சபையில் தலை குனியக் கூடாது என்று ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னார், அவ்வளவுதான். அவரை இன்று என்னால் முழுதாக வெறுக்கவும் முடியவில்லை.

அண்டாக்களை ஏற்றிக்கொண்டு நான் டவுனில் இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டேன். அங்கே மேசையில் தட்டெல்லாம் வைத்துத் தயாராக இருந்தார்கள். கல்யாணச் சாப்பாடு வருகிறது என்றால் அன்றைக்கு அங்கே திருவிழாதான். ஒரு பாட்டி குங்குமம் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். முதல் தட்டில் சோறு விழுந்து, சாம்பார் ஊற்றும் நேரத்தில் என் போன் அடித்தது.

"தம்பி, கயிறு அவுத்தாச்சா?"

"அவுத்தாச்சுக்கா. சாப்பிட உக்காந்துட்டாங்க."

மறுபக்கம் அண்டாக்களை இழுக்கும் சத்தமும் யாரோ கத்துவதும் கேட்டன. அக்கா யாரிடமோ அரிசி கழுவச் சொன்னார். பிறகு, "சரி. நல்லா சாப்பிடச் சொல்லு. தட்டுல இருக்கிறத எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நடந்ததைப் பிறகு சமையற்கட்டுப் பெண்கள் சொன்னார்கள். பஸ் வந்து சேர்ந்தபோது அண்டாக்களில் ஒட்டிய பருக்கைதான் மிச்சம். அக்கா உடனே அடுப்பைப் பற்ற வைத்து அரிசியைப் போட்டார். வெயிலில் நின்று நொந்துபோய் வந்தவர்கள் வெறும் வாழை இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சோறு வேகும் முன்பே சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்தார். அவர் எழுந்ததும் எல்லாரும் எழுந்தார்கள். தம்பிக்காரர் சமையற்கட்டுக்கு வந்து, ஊர் கேட்க, "ஊருல உள்ள கிழங்களுக்கெல்லாம் சோத்த அனுப்பிட்டு என் சம்பந்தியப் பட்டினி போட்டுட்டா இவ" என்று கத்தினாராம். அக்கா அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லையாம். அவர்கள் போன பிறகு அந்தச் சோறு பொலபொலவென்று வெந்தது. தின்ன ஆள் இல்லை. அதைத் தம்பிக்காரரே ஆள் வைத்துக் கொட்டச் சொன்னார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. நேரே போய் அவர் சட்டையைப் பிடித்துக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று குதித்தேன். அவர் "வந்தாச்சு" என்று சொன்னதை அக்காவைத் தவிரப் பக்கத்தில் நின்று கேட்டவன் நான் ஒருவன்தான். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"வாயத் தெறக்காதே. புள்ள இப்பதான் அந்த வீட்டுக்குப் போயிருக்கு. அப்பன் பொய் சொல்லிட்டான்னு தெரிஞ்சா அவ தலையிலதான் விடியும். சமையல்காரி கணக்குத் தப்பிட்டான்னா என்னைத்தானே திட்டுவாங்க? திட்டிட்டுப் போறாங்க."

"உங்க பேரு கெட்டுப் போவுதேக்கா."

"எம்பேரு என்ன பேரு. அவளுக்குப் பொறக்கப் போறது நல்லா இருந்தாப் போதும்."

நான் வாயைத் திறக்கவில்லை. கதை மட்டும் எல்லா வாயிலும் புகுந்து வந்தது. கயிறு கட்டினால் சோறு பத்தாது என்று மண்டபத்துக்கு மண்டபம் பேசினார்கள். மற்ற சமையல்காரர்கள் ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் முன்னைவிடக் கூடுதலாகச் சமைக்கச் சொன்னார்கள். எங்கள் கூட்டங்களில் திரையில் அக்காவுக்காகச் சேர்த்திருந்த மண்டபத்து அம்புக்குறியை எடுத்துவிட்டார்கள். சந்தையும் ரொட்டிக் கடையும் போதும் என்று முடிவு செய்தார்கள். இன்றும் லோரி நிறையக் காய் ஏற்றுகிறேன், அது நல்ல வேலைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மண்டபங்களைக் கடக்கும்போது பின்பக்கம் குப்பைத் தொட்டிகளைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

அக்காவுக்குப் பெரிய கல்யாணங்கள் வருவது நின்றது. காதுகுத்து, பிறந்தநாள் என்று சின்னச் சின்னதாகச் செய்துகொண்டிருந்தார். தம்பிக்காரர் அவரோடு பேசவே இல்லை. பாசாரில் எதிரே வந்தால்கூட வேறு பக்கம் திரும்பிக்கொள்வார் என்று அக்காவே சிரித்துக்கொண்டு சொல்வார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்கு சுட்டு, தம்பி வீட்டுக்கென்று ஒரு டின் தனியாக வைப்பார். அந்த டின்னின் மூடிக்கும் சிவப்புக் கயிறுதான். பொங்கல் வரைக்கும் தம்பி வருகிறாரா என்று பார்ப்பார். பிறகு, "இந்தா, முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோ" என்று என் லோரியில் வைத்துவிடுவார்.

போன வருடம் அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார்.

பதினாறாம் நாள் கருமாதிச் சாப்பாட்டைத் தம்பிக்காரர்தான் எடுத்துச் செய்தார். ஆயர் ஈத்தாமில், அந்தக் கல்யாணம் நடந்த அதே மண்டபம். அக்காவின் படத்துக்குப் பெரிய மாலை. யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று அண்டா அண்டாவாகச் சமைக்கச் சொல்லியிருந்தார். எல்லா அண்டாவையும் திறந்து, எல்லாவற்றிலும் கரண்டி போட்டு, வருகிறவர்களுக்கு அள்ளி அள்ளி வைத்தார்கள். அக்காவுக்கு அவ்வளவு ஆட்கள் இல்லை. வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு பாதிக்குமேல் அப்படியே நின்றது.

நான் கிளம்பும்போது தம்பிக்காரர் பின்னாலேயே ஓடி வந்தார். தலை முழுவதும் நரைத்திருந்தது. "தம்பி, உங்க லோரி இருக்குல்ல? இதெல்லாம் அந்த ஹோமுக்குக் கொண்டுபோங்களேன். அக்காவுக்குப் பிடிக்கும்."

"எல்லாம் தெறந்தாச்சாண்ணே?"

"தெறந்தாச்சு."

"அப்ப அங்க கொடுக்க முடியாதுண்ணே. உரத்துக்குத்தான் போவும்."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவரே ஒரு பக்கம் பிடித்து என்னோடு அண்டாக்களைத் தூக்கி ஏற்றினார். அக்காவின் பேரில் சமைத்த சோற்றை அதுவரை நான் ஒரு தடவைகூட உரக்கிடங்குக்குக் கொண்டுபோனதில்லை. நான் ஏறி உட்கார்ந்ததும் அவர் ஜன்னல் ஓரமாக நின்று, கண்ணாடியில் தொங்கிய கயிற்றைப் பார்த்தார்.

"இது கோயில் கயிறா?"

"இல்லண்ணே. அக்கா கட்டினது. அன்னைக்கு ஹோமுல அவுத்தது."

அவர் ஜன்னல் வழியே கையை நீட்டி அதைத் தொட்டார். கயிற்றில் அக்கா போட்ட முடிச்சின் வளைவு இன்னும் மாறவில்லை. அதை விரலால் நெருடிக்கொண்டே நின்றவர், தலை நிமிராமல், "எல்லாரும் வந்தாச்சுன்னு நான்தானே தம்பி சொன்னேன்" என்றார்.

எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. அதைக் கேட்க வேண்டியவர் மண்டபத்துக்குள் மாலையோடு படத்தில் இருந்தார். லோரி நகரும் வரை அவர் அந்தக் கயிற்றை விடவில்லை.