கையெழுத்து வைக்கிற இடம்

போர் முடிந்து முகாமில் இருந்த காலத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம் வந்தது. சிங்களத்தில் எழுதிய படிவத்தை நீட்டுவார்கள். "எங்க வைக்கிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்து வைப்போம். பதிவுக்கும் அரிசிக்கும், பிறகு வீட்டுத்திட்டத்துக்கும் அப்படித்தான். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டவர்களின் படிவம் கட்டின் அடியில் போய்விடும்.

கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்த பிறகும் அதே பழக்கம்தான். வருடத்துக்கு ஒரு தாள் சிங்களத்தில் வரும். தைக்கிற மெசினை விட்டு எழும்பாமலே வைத்துக் கொடுப்பேன். ஆறாவது வருடம், "உங்கட ஒப்பந்தம் முடிஞ்சுது, நாளைக்கு வரவேண்டாம்" என்று அந்தத் தாள்களின் பிரதிகளைக் கையில் தந்து அனுப்பினார்கள்.

நியாயம் கேட்கப் போன தொழில் அலுவலகத்தில் இருந்த உத்தியோகத்தர் அவற்றை வாசித்தார்.

"இதெல்லாம் நீங்களா விலகிறன் எண்டு எழுதின கடிதம், பிள்ளை. ஒவ்வொரு வருசமும் விலகிப் புதுசாச் சேர்ந்திருக்கிறியள். இதின்படி நீங்கள் வேலைக்கு வந்து நாலு மாசம்தான், பழைய வருசங்கள் கணக்கில வராது. கையெழுத்து உங்கடயோ?"

"ஓம்."

ஐந்து தரம் வேலையை விட்டிருக்கிறேன். ஒரு தரம்கூட எனக்குத் தெரியாது! அவர்கள் மேல் வந்த ஆத்திரத்தைவிட என் கை மேல் வந்த ஆத்திரம்தான் பெரிது.

"தமிழில தாங்கோ எண்டு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவர் முறைப்பாட்டுப் படிவத்தைத் தேடினார். தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டதாம். சிங்களப் படிவமொன்றை என் பக்கம் தள்ளினார்.

பேனையை எடுத்தேன். வாய் தானாகவே கேட்டது.

"எங்க வைக்கிறது?"