சந்திரகிரி ஷெட்டில் கழன்ற டை ராடு எண்டு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சித்தூரிலிருந்து திருப்பதி, அங்கிருந்து சந்திரகிரி என்று ஒரு நாள் முழுக்க அலைந்தேன். சாமி கும்பிட அல்ல. கைக்குள் அடங்கும் ஓர் இரும்புச் சாமானுக்காக. பழைய கார் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் உதிரிபாகம் தேடுகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

என்னுடையது கூரை மடங்கும், இரண்டு பேர் உட்காரும் ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார். காரின் வயது ஐம்பத்திரண்டு. இருபது வருடமாக வேறு எவரையும் அதில் கைவைக்க விட்டதில்லை. கைப்புத்தகத்தையும் அகராதியையும் வைத்துக்கொண்டு வேலையை நானே கற்றேன். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு மூன்று வாரம் முன்பு ஒரு விபத்து. சந்திரகிரி தாண்டியதும் இடது முன்சக்கரம் தானாகத் திரும்பி, வண்டி மைல்கல்லில் மோதியது. என் மனைவி சரோஜாவின் மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. கண் மங்கிய கிழவன் ஓட்டினால் வேறு என்ன ஆகும் என்று மச்சான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

என் கண்ணில் குறையில்லை. ஸ்டீயரிங் கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கும் பந்து மூட்டுதான் டை ராடு எண்டு. ஆறு வருடம் முன்பு வாங்கி மாட்டிய அது மட்டச் சரக்கு என்பது என் முடிவு. சரோஜாவின் கையை நான் உடைக்கவில்லை என்பதற்கு அந்த மூட்டுதான் சாட்சி. அதை உருக்குலையாமல் கழற்ற வேண்டும்.

காலை 6.15 பேருந்து. 70 கிலோமீட்டர், 125 ரூபாய், இரண்டேகால் மணி நேரம். பழைய சாமான் கடைகள் ஒன்பதரைக்கு முன் திறப்பதில்லை. ஆறு வருடம் முன்பு வாங்கிய அதே கடைக்குப் போய், மட்டச் சரக்கை ஏன் கொடுத்தீர்கள் என்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே கேட்டேன். கடைக்காரர் சத்தம் போடவில்லை. எழுந்து உள்ளே போய், நாற்பது நிமிடம் தேடி, அதே அளவில் ஒன்றை எடுத்து வந்தார். 650 ரூபாய்.

“பழச எடுத்தாந்து காட்டுங்க பெரியவரே. என் சரக்கு மேல தப்புன்னா பழசு, புதுசு ரெண்டு காசும் வாபஸ். இல்லன்னா, இதே எடத்துல நின்னு சொல்லிட்டுப் போங்க.”

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். சந்திரகிரி 15 கிலோமீட்டர். கார் அங்கே முனிரத்தினம் என்ற மெக்கானிக்கின் ஷெட்டில் கிடந்தது. விபத்துக்குப் பிறகு அன்றுதான் அதைப் பார்த்தேன். மூட்டின் குண்டு அதன் கிண்ணத்தைவிட்டு வெளியே வந்திருந்தது. அதன் தண்டு சக்கரத்துக் கையில் இறுகிப்போயிருந்தது. கேஸ் வைத்து அறுத்துவிடலாம், பத்து நிமிட வேலை என்றார் முனிரத்தினம். கூடாது என்றேன். டீசலும் பிரேக் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அசையவில்லை.

அவர் குனிந்து நகத்தால் சுரண்டினார். “இன்னா பெரியவரே, அடியில இம்மா பெயிண்ட் பூசிக்கினு கீறீங்க? ஆயில் எங்க பூரும்? அடியில வந்து யாரு பாக்கப் போறாங்க?”

ஆயுத பூஜைக்கு வருடா வருடம் வண்டியின் அடிப்பாகம் முழுவதும் கறுப்பு பெயிண்ட் அடிப்பேன். ஒரு திருகாணியைக்கூட விடமாட்டேன். அதைச் சொன்னேன். அவர் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். பிறகு மரையின் மேல் அடிக்காமல், தண்டு நுழையும் வளையத்தின் இரண்டு பக்கமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் அடித்தார். ஏழாவது அடியில் கழன்றது. ஸ்டீயரிங் கம்பியிலிருந்து கிண்ணத்தையும் திருகி எடுத்தார்.

கிண்ணத்தை வாங்கி நானே பேனாக்கத்தியால் சுரண்டினேன். கிரீஸ் ஏற்றும் முனை பெயிண்டுக்குள் புதைந்திருந்தது. ஆறு பூச்சு. எண்ணினேன். உள்ளே சொட்டு கிரீஸ் இல்லை. செம்பொடியாகத் துருதான் கொட்டியது. மாதா மாதம் நான் அழுத்திய கிரீஸ் முனையைச் சுற்றிப் பிதுங்கி வெளியே வரும். நிரம்பிவிட்டது என்று துடைத்துவிடுவேன்.

முனிரத்தினம் டீ சொல்லி அனுப்பினார். கூலி 800 ரூபாய்.

மணி நாலேகால். சித்தூர்ப் பேருந்து எதிரிலேயே நின்றது. நான் மறுபடியும் திருப்பதிக்குப் போனேன். கடையில் நான்கு பேர் இருந்தார்கள். காலையில் நின்ற இடத்தில் நின்று, சரக்கில் தப்பில்லை, பெயிண்ட் அடித்து அடைத்தது நான் என்று சொன்னேன். கடைக்காரர் பந்து மூட்டைத் திருப்பிப் பார்த்தார். உட்காருங்கள் என்று ஸ்டூலை நகர்த்தினார். உட்காரவில்லை, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

வீடு சேர எட்டரை. பந்து மூட்டைச் சரோஜா முன் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி முழுவதும் கேட்டாள்.

“வலது பக்கம் பாத்தீங்களா?” என்றாள்.

பார்க்கவில்லை. அந்தப் பக்கமும் ஆறு பூச்சுதான்.

மறுநாள் அதே 6.15 பேருந்தில் போய் அதையும் கழற்றினேன். உங்களுக்குச் சொல்வது இவ்வளவுதான்: ஆயுத பூஜைக்குப் பெயிண்ட் அடிப்பதற்கு முன் கிரீஸ் முனைகளைத் துணி சுற்றி மூடுங்கள். கிரீஸ் வெளியே வந்தால் உள்ளே போய்விட்டது என்று நம்பாதீர்கள். ஒரு பக்கம் கெட்டால் மறுபக்கத்தையும் அன்றே பாருங்கள். கேஸ் வைத்து அறுக்க விடாதீர்கள். அறுத்திருந்தால் இன்றுவரை நான் கடைக்காரரைத்தான் திட்டிக்கொண்டிருப்பேன்.

மச்சானிடமும் சொல்லிவிட்டேன். என் கண் நன்றாகத்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கார் இப்போது வாசலில் நிற்கிறது. சரோஜாவை ஏறச் சொல்லிக் கேட்கவில்லை. கட்டுப் பிரித்துவிட்டார்கள், அந்தக் கையால் இன்னும் தண்ணீர்ச் செம்பைத் தூக்க முடியவில்லை.