தட்டு இருந்த இடம்

எங்கள் நாய்க்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. ஆளுக்கு ஒரு விதமாகக் கூப்பிட்டுப் பழகிவிட்டோம். என் வீட்டுக்காரர் ‘டேய்’ என்பார். மகள் ‘தம்பி’ என்பாள். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாத பெண். ‘தம்பி சாப்டானாம்மா?’ என்று அவள் வாசலில் நின்று கேட்டதைக் கேட்டுவிட்டு, தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு அம்மா என்னிடம், ‘பையன் எத்தினியாவது படிக்கிறான்?’ என்று விசாரித்தார். நான் சிரித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். எனக்கு ஒரு மகன் இருப்பதாகவே அந்த அம்மா வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

நான் அப்படித்தான். பத்தாவது வரை படித்தேன். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்வதற்குக்கூடக் குரல் வராது. இப்போது நாற்பத்தெட்டு வயது. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் விசில் கொடுக்கச் சொல்லக் கூச்சமாக இருக்கும். வேறு யாராவது இறங்கும் இடத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருவேன்.

அதனால் நாயையும் நான் வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை. எனக்கு ஒரு தட்டு இருந்தது. பழைய அலுமினியத் தட்டு. வீட்டுக்காரரின் பைக் ஒருமுறை அதன் மேல் சாய்ந்து, ஒரு பக்கம் நசுங்கிப்போனது. அதில் சோறு போட்டுப் பிசைந்து, கரண்டிக் காம்பால் விளிம்பில் இரண்டு முறை தட்டுவேன். நசுங்கிய தட்டு என்பதால் மணி மாதிரி ஒலிக்காது. டொக், டொக் என்று கேட்கும். கடலூர் முதுநகரில் எங்கள் வீடு இருந்த தெருவுக்கும் மீன் மார்க்கெட்டுக்கும் நடுவில் எங்கே திரிந்தாலும் அது ஓடி வரும். இடது காது கிழிந்த, மண் நிற நாய். ஒரு மழைக்காலத்தில் குட்டியாக வந்து எங்கள் தோட்டத்தில் துவைக்கிற கல்லுக்கு அடியில் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தது. விரட்டக் குரல் வராமல் நான் பால் ஊற்றினேன். ஏழு வருடம் இருந்தது.

சிதம்பரத்தில் அண்ணாமலை நகரைத் தாண்டி, புதிதாக மனை போட்ட இடத்தில் நாங்கள் சின்னதாக ஒரு வீடு கட்டினோம். மகளுக்கு அங்கே கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வீட்டுக்காரருக்கும் சிதம்பரத்திலேயே வேலை. இருபது வருடம் வாடகை வீட்டில் இருந்த எனக்கு அதைவிட என்ன வேண்டும்?

சாமான் கட்டுகிற அன்று என் நாத்தனார் வந்திருந்தார். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். நல்லவர்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் சொல்லி நான் மறுத்ததில்லை. மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் தட்டைக் கையில் எடுத்தார்.

“இது என்னா?”

“நாய்த் தட்டு அண்ணி.”

“நசுங்கின ஏனத்த எடுத்துக்கினு யாராவது புது வூட்டுக்குள்ள போவாங்களா? தொடப்பத்தயும் இதயும் இங்கியே போட்டுட்டு வா.”

“அக்கா சொல்றது கரெக்ட்டு. எவர்சில்வர்ல ஒண்ணு வாங்கிக்கலாம்,” என்றார் என் வீட்டுக்காரர்.

மகள் நாயின் கிழிந்த காதைப் பிடித்துக் காட்டினாள். “அத்த, இவனும் கொஞ்சம் நசுங்கித்தான் இருக்கான். இவனயும் இங்கியே போட்டுடலாமா?”

“வாயப் பாரு. ஆத்தாளுக்கு இல்லாத வாயெல்லாம் சேத்து வச்சி பொண்ணுக்கு வந்திருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாய்க்கு அந்தத் தட்டின் சத்தம்தான் தெரியும் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை. தட்டைக் கழுவி, தோட்டத்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், அது எப்போதும் சாப்பிடுகிற இடத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.

குட்டி யானை வண்டியில் சாமான்களுக்கு நடுவில் மகளும் நாயும் உட்கார்ந்து வந்தார்கள். அது வழி முழுக்கப் பின்பக்கம் பார்த்துக்கொண்டே வந்தது என்றாள் மகள். வெள்ளாற்றுப் பாலத்தில் மட்டும் எழுந்து நின்றதாம்.

பால் காய்ச்சி, பூஜை முடிகிற வரை அதை வெளியே கட்டிப்போட்டிருந்தோம். சாயங்காலம் புது எவர்சில்வர் தட்டில் சோறு பிசைந்து தட்டினேன். கணீரென்று ஒலித்தது. சத்தம் வந்த பக்கம் பார்க்காமல், நாய் என் முதுகுக்குப் பின்னால் எதையோ தேடியது. தட்டை முகர்ந்துவிட்டு விலகிப் படுத்துக்கொண்டது. மகள் கையால் ஊட்டியதில் இரண்டு வாய் தின்றது. மறுநாளும் அப்படித்தான்.

மூன்றாம் நாள் வாடகைப் பாத்திரம், நாற்காலிகளை எடுத்துப் போக வண்டி வந்தது. கேட் ஒரு மணி நேரம் திறந்தே கிடந்தது. வண்டி போன பிறகு சாத்தினோம். அதற்குப் பிறகுதான் நாய் இல்லை என்று தெரிந்தது.

மகள் தெருத் தெருவாகப் போய், ‘தம்பி! தம்பி!’ என்று கத்தினாள். பைக்கில் போன கல்லூரிப் பையன் ஒருவன் வண்டியை நிறுத்தி, “என்னாங்க அக்கா?” என்றான். வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். அன்றைக்கு அழுதுவிட்டாள். வீட்டுக்காரர் வேலை விட்டு வந்ததும் பைக்கில் ரயில்வே கேட் வரை சுற்றி வந்தார். நான் எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய் நின்றேன். வாயைத் திறந்தேன். புதுத் தெரு, தெரியாத முகங்கள். கத்த முடியவில்லை. தட்டைத் தட்டினேன். அந்தத் தெரு நாய்கள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

ஐந்தாம் நாள், யாரிடமும் சொல்லாமல் கடலூர் பஸ் ஏறினேன்.

பழைய வீட்டுக்கு வேறு ஆட்கள் குடிவந்திருந்தார்கள். எதிர்வீட்டு அக்காதான் அவர்களிடம் சொல்லி என்னைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். நான் கவிழ்த்து வைத்த இடத்தில் தட்டு அப்படியே இருந்தது.

“இந்தத் தட்டுக்கா சிதம்பரத்துலருந்து வந்த? பைத்தியமா நீ?” என்றார் அக்கா.

“நாய் ஓடிப்போச்சிக்கா. இந்தச் சத்தம் கேட்டா வரும்.”

அவர் அதற்கு மேல் கேலி செய்யவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தார். “இந்தப் பக்கம் வந்துச்சின்னா போன் பண்றேன் போ,” என்றார். தட்டைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். அது இருந்த இடத்தில் மண்ணில் வட்டமாக ஒரு தடம் தெரிந்தது.

இனி எழுதப்போவதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

பஸ் ஆலப்பாக்கம் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருக்கும். எதிர்ப் பக்க ஓரத்தில் மண் நிறத்தில் ஒரு நாய், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கடலூர்ப் பக்கமாக நடந்து போனது. கண் இமைக்கிற நேரம்தான். எழுந்து நின்றுவிட்டேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னாம்மா, எறங்கணுமா?” என்றார் கண்டக்டர்.

நான் ‘இல்ல’ என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று இருந்தது. நாய்க்காகப் பஸ்ஸை நிறுத்தச் சொன்னால் சிரிப்பார்களே என்று இருந்தது. காது கிழிந்திருந்ததா என்று நான் பார்க்கவில்லை, மண் நிற நாய் ஊருக்கு நூறு இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன். மடியில் தட்டு இருந்தது.

புதுச்சத்திரத்தில் இரண்டு பேர் இறங்கினார்கள். அவர்களோடு இறங்கிவிட்டேன். வந்த வழியே நடந்தேன். லாரிகள் புழுதியை வாரி அடித்துக்கொண்டு போயின. பார்த்த இடம் எது என்றே குழம்பிப்போனது. ஆள் இல்லாத ஓரமாகப் பார்த்து, சாவியால் தட்டைத் தட்டினேன். அங்கே ஒரு டீக்கடை இருந்ததை நான் கவனிக்கவில்லை.

“என்னாம்மா, வேண்டுதலா?” என்றார் கடைக்காரர்.

“ஒரு நாய்... காது கிழிஞ்சிருக்கும்...”

“காலையிலருந்து எத்தினியோ நாய் போவுது. எதுன்னு பாக்கறது?”

அடுத்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

“வழியில ஒரு நாயப் பாத்தேன், அதே மாதிரி,” என்று மட்டும் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“நாப்பது கிலோமீட்டர் நாய் நடக்குமா? அந்த ஆத்துப் பாலத்த எப்பிடித் தாண்டும்? இங்கதான் எங்கியாவது சுத்திக்கினு இருக்கும்,” என்றார். அவர் சொன்னதை நம்ப ஆசையாக இருந்தது. நம்பினேன்.

அதனால் அடுத்த இரண்டு நாளும் சிதம்பரத்துத் தெருக்களில் தட்டைத் தட்டிக்கொண்டு நடந்தேன். முதலில் ஆள் வந்தால் பையில் ஒளித்துக்கொள்வேன். பிறகு அதுவும் இல்லை. மாணவர்கள் வாடகைக்கு இருக்கிற மாடி வீடுகள் உள்ள ஒரு தெருவில் நின்று தட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வீட்டுக் கதவு திறந்தது. என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. கையில் ஒரு பாத்திரம். நேராக வந்து என் தட்டில் சாம்பார் சாதத்தைக் கவிழ்த்தார்.

“இந்தாம்மா. உப்பு கொஞ்சம் ஜாஸ்தி, பாத்துக்க.”

நான் பிச்சை கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு அந்தச் சோற்றை ஏந்திக்கொண்டு தெருமுனை வரை நடந்தேன். பின்னால் அவர் யாரிடமோ, “பாவம், நல்ல வூட்டுப் பொம்பள மாதிரிதான் இருக்கு,” என்றது கேட்டது. மதகின் ஓரமாகத் தட்டை வைத்தேன். அந்தத் தெரு நாய்கள் இரண்டு வந்து தின்றன. அவை தின்று முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தட்டை எடுத்துக் கழுவும்போதுதான் அழுகை வந்தது.

எட்டாம் நாள் காலை பதினோரு மணிக்கு எதிர்வீட்டு அக்கா போன் செய்தார்.

“ஒன் நாய் வந்துச்சிடி.”

“புடிச்சி வச்சிருக்கியாக்கா?”

“எங்க புடிக்கிறது? எலும்புந் தோலுமா வந்துச்சி. பின்னங்கால்ல ரத்தம். நேரா தோட்டத்துக்குப் போயி, அந்தக் கல்லுப் பக்கத்துல, தட்டு கெடந்துச்சே, அந்த எடத்தச் சுத்திச் சுத்தி மோந்து பாத்துச்சி. படுக்கவே இல்ல. மண்ண மண்ண மோந்து பாக்குது. நான் சோறு எடுத்தார உள்ள போனேன். அதுக்குள்ள இந்தப் புது ஆளுங்க தண்ணிய ஊத்தி வெரட்டிட்டாங்க. அவுங்கள என்னா சொல்றது? அவுங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

மேடையில் கவிழ்த்து வைத்திருந்த தட்டைப் பார்த்தேன்.

“நீ அந்தத் தட்ட எடுத்துக்கினு போவாம இருந்திருந்தா அங்கியே படுத்திருக்கும்டி,” என்றார். குத்திக் காட்டுகிறவர் இல்லை அவர். மனதில் பட்டதைச் சொன்னார். அது உண்மை. எடுத்துப் போயிருக்க வேண்டிய அன்று தட்டை விட்டுவிட்டுப் போனேன். விட்டுவைத்திருக்க வேண்டிய அன்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நடுவில் ஒருமுறை அதுவும் நானும் தட்டும் ஒரே சாலையில் இருந்தோம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பஸ் நின்றிருக்கும்.

அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே கிளம்பினேன். மகளும் கல்லூரியிலிருந்து பாதியில் வந்து கூடவே ஏறினாள். முதுநகரில் நாங்கள் இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே நான் எழுந்து, “நிறுத்துங்க! இங்க நிறுத்துங்க!” என்றேன். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அன்று பொழுது சாய்கிற வரை மார்க்கெட், துறைமுகத்துப் பக்கம், ரயில் பாதை ஓரம் என்று நடந்தோம். நான் தட்டைத் தட்டினேன். அவள் கூப்பிட்டாள். அவள் தொண்டை கட்டிப்போன பிறகு நான் கூப்பிட்டேன். ‘தம்பி’ என்று. இருபது வருடம் குடியிருந்த தெருவில் என் குரலை அன்றைக்குத்தான் பலர் முதன்முதலாகக் கேட்டிருப்பார்கள். எல்லோரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மீன் விற்கிற ஒருவர் மட்டும் காலையில் அப்படி ஒரு நாய் தெற்கே நொண்டிக்கொண்டு போனதைப் பார்த்ததாகச் சொன்னார். தெற்கே என்றால் சிதம்பரம் போகிற சாலை. எங்களைத் தேடித்தான் திரும்பியிருக்க வேண்டும். நாங்கள் வந்த பஸ் அதைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. நாங்கள் அந்தச் சாலையில் எத்தனையோ முறை போய்ப் பார்த்தோம்.

அன்று கிளம்பும் முன், மகளை எதிர்வீட்டில் உட்காரவைத்துவிட்டுப் பழைய வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கே இப்போது இருக்கிற பெண் சின்ன வயது. முகம் வெளுத்துப்போய் நின்றாள். “எனக்குத் தெரியாதுங்க அக்கா, தெரு நாய்னு நெனச்சிட்டேன்,” என்றாள். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. தட்டைக் காட்டி, “இத அந்தக் கல்லுகிட்ட வச்சிட்டுப் போறேன். எடுக்காம இருந்தா போதும்,” என்றேன். அவள் சரி என்றாள். மண்ணில் அந்த வட்டத் தடம் பாதி அழிந்திருந்தது. அதன் மேலேயே வைத்தேன்.

பஸ் புதுச்சத்திரம் தாண்டிய பிறகு மகள், “தட்டு எங்கம்மா?” என்றாள்.

“அங்கயே வச்சிட்டேன்.”

அவள் ஜன்னல் பக்கமிருந்து என் பக்கம் திரும்பினாள்.

“வந்தா அங்க யாரும்மா தட்டுவா?”

அதை நான் யோசிக்கவில்லை.